டீச்சர் ஆக நினைக்கும் கிராமத்துப் பிள்ளைகள் பட்டத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஊத்தங்கரை பக்கத்தில் உங்கள் ஊரில் டீச்சர் ஆகணும் என்று சொல்லும் பிள்ளைகள் வரிசையாக பி.காம்., பி.சி.ஏ., பி.ஏ. ஆங்கிலம் என்று போய்ச் சேர்கிறார்கள், எதை வைத்து இப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்திருக்கும் உங்கள் அக்கா மகளுக்கும் அதே ஆசை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அவள் எந்தப் பட்டம் படித்தால் ஆசிரியர் வேலைக்கு வழி திறந்திருக்கும், மற்றவர்கள் போன வழியிலேயே அவளும் போனால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கவலை.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் 19 ஆண்டுகள் கணிதம் கற்பித்தல் பாடம் எடுத்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் அட்மிஷன் மேஜையும் என் பொறுப்பு. அதனால் விதிகளைப் பற்றி நான் எழுதுவதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் மனசு, வீட்டுக்காரர்களின் கணக்கு பற்றி எழுதுவது எல்லாம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்திலிருந்து என்னிடம் படிக்க வந்தவர்களிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது. டெல்டா பக்கமோ தென்மாவட்டங்களிலோ வேறு மாதிரி இருக்கலாம்.

பட்டத்தைக் கல்லூரி விண்ணப்பம் போடும்போது தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் எல்லா குரூப்பும் இருக்காது. ஒரு அறிவியல் குரூப், ஒரு கலைப்பிரிவு, சில இடங்களில் ஒரு தொழிற்பிரிவு, அவ்வளவுதான். கணக்கில் மார்க் குறைந்த பிள்ளையைத் தலைமை ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கலைப்பிரிவுக்கு அனுப்புகிறார், பாஸ் ஆகட்டும் என்று. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்த அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு கழித்து பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ கிடையாது. டீச்சர் ஆகும் ஆசை பிளஸ் டூவில்தான் வந்தது என்றால், அது வருவதற்கு முன்பே ஐந்து பாடங்களின் கதவு சாத்தியாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தைப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது சொன்னால் எத்தனையோ பேருக்கு உதவும்.

ஒரு நாளைச் சொல்கிறேன். ஜூலை மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் அட்மிஷன் அறைக்கு வந்தார்கள். பி.காம்., 81 சதவீதம், பல்கலைக்கழக மார்க் ஷீட் ஆறும் பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பி.எட். சேர வேண்டும் என்றாள். பி.காம். மட்டும் வைத்து பி.எட். சேர முடியாதும்மா, எம்.காம். முடித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை. "அக்கவுண்ட்ஸ் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்குதுங்களே சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அக்கவுண்ட்ஸ் இருக்கிறது, ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மட்டும். அதை எடுப்பவர் முதுகலை ஆசிரியர். பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பாடமே இல்லாததால் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் அதற்குக் கிடையாது. இதை அந்தப் பெண்ணுக்கு மூன்று வருடம் யாரும் சொல்லவில்லை. ஃபைலை மூடி, ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறு ஆண்டு எம்.காம். சேர்ந்தாளா என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதனால் விதியை முதலில் தெளிவாக வைத்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு, அதாவது நாம் பி.டி. என்று சொல்வோமே அதற்கு, தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய ஒன்பது பாடங்களில்தான் பணியிடம். இதில் ஒன்றில் பட்டம், அதன்மேல் இரண்டு ஆண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி, அதற்குப் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு, இந்த நான்கும் வேண்டும். 2018-க்கு முன்பு டெட் மார்க்கோடு பள்ளி, கல்லூரி மார்க்குகளையும் கூட்டி ஆள் எடுத்தார்கள். இப்போது அது இல்லை, ஆனால் ஊரில் பழைய கணக்கை இன்னும் சொல்வார்கள். பொருளியல், வணிகவியல் படித்தவர்களுக்கு முதுகலையும் முடித்தால்தான் பி.எட். சேர்க்கையே. பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு அரசுப் பள்ளியில் இருப்பது மேல்நிலை வகுப்புக்கான கணினிப் பயிற்றுநர் வேலை, அதற்கும் முதுகலையும் பி.எட்.டும் தேவை. ஆக பி.காம்., பி.சி.ஏ. வழி அடைபட்டுப்போன வழி என்று சொல்ல மாட்டேன், மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு வருட வழி. முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கேட்பதில்லை என்பது அதில் ஒரு ஆறுதல். ஏழு வருடம் என்று தெரிந்து போனால் சரி. தெரியாமல் போவதுதான் வலிக்கிறது.

ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் பட்டமே வேண்டாம், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் தகுதி. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புக்குத் தகுதி என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால் பி.எட். அந்த வேலைக்கு உதவாது.

சரி, விதி இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது ஏன் வேறு பக்கம் போகிறார்கள்? நான் பார்த்ததில் பெண்பிள்ளைகளுக்கு முதல் காரணம் பஸ். காரிமங்கலத்திலும் பர்கூரிலும் அரசு மகளிர் கல்லூரிகள் வந்த பிறகு, வீட்டில் அனுப்பவே மாட்டோம் என்ற நிலை மாறியிருக்கிறது. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் இன்னும் மாறியது. ஆனால் டவுன் பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதுதான் இப்போதும் பாடத்தைத் தீர்மானிக்கிறது. வேதியியல் படித்தால் செய்முறை வகுப்பு சாயங்காலம் இழுக்கும். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு என்றால், அப்பா "லேப் இல்லாத படிப்பா பாரு" என்று சொல்லிவிடுவார். அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருந்தால் இன்னும் சிக்கல். ஒரே பாடம் காலை ஷிப்டில் நிரம்பி மாலை ஷிப்டில் மட்டும் இடம் இருந்தால், அந்தப் பாடத்தையே விட்டுவிட்டுக் காலை ஷிப்டில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் ஒரு ஆண்டு கேட்டுப் பார்த்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் விரும்பிக் கேட்டது வேறு பாடம். ஒரு பெண் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "பஸ்ஸுக்கு ஏத்த மாதிரி படிச்சேன் சார்."

அடுத்தது ரேங்க் பட்டியல். அரசு கலைக் கல்லூரி சேர்க்கையில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்தந்த மொழிப் பாட மார்க்கை வைத்துத் தனிப் பட்டியல், மற்ற எல்லாத் துறைக்கும் நான்கு முக்கியப் பாடங்களைக் கூட்டி ஒரு பட்டியல். அறிவியல் குரூப்பில் திணறி, தமிழில் மட்டும் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு பி.ஏ. தமிழ் சுலபமாகக் கிடைக்கும். நல்ல விஷயம்தான், தமிழாசிரியராகலாம். கலந்தாய்வில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் பி.காம்.மும் கம்ப்யூட்டர் சயின்ஸும். பேங்க், ஆடிட்டர் ஆபீஸ், ஐ.டி. கம்பெனி என்று அவற்றுக்கு வேறு ஆசைகளும் இருக்கின்றன, அதைக் குறை சொல்ல முடியாது. கடைசி நாள் வரை காலியாக இருப்பது பல கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும். பி.டி. பணியிடம் உள்ள பாடத்தில் நாற்காலி காலியாகவும், அந்தப் பணியிடமே இல்லாத பாடத்தில் காத்திருப்போர் பட்டியலும் இருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. டீச்சர் ஆசையோடு வந்து, முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து பி.காம். மாற்றி எழுதிய பிள்ளைகள் எனக்குத் தெரியும்.

வீட்டு நினைவு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பிள்ளைகளின் அத்தை, சித்தி காலத்தில் பிளஸ் டூ முடித்ததும் ஆசிரியர் பயிற்சி, உடனே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, பிறகு சீனியாரிட்டியில் கார்டு வரும் என்ற காத்திருப்பு. அப்படி வேலை வாங்கிய ஒரு அத்தை எல்லாச் சொந்தத்திலும் இருப்பார். அவர் சொல்வது வீட்டில் வேதவாக்கு. 2010-இல் டெட் கட்டாயமானது, 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி நூற்றுக்கு ஒருவர்கூட தேறவில்லை. அதன்பிறகு பயிற்சிப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆனாலும் அத்தையின் வார்த்தைக்கு மதிப்பு குறையவில்லை. "ஏதாவது ஒரு டிகிரி, ஒரு பி.எட்., பதிஞ்சு வச்சா ஒரு நாள் வரும்" என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். ஏதாவது ஒரு டிகிரி என்ற அந்த மூன்று சொல்லில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். சீனியாரிட்டி காலத்திலும் எல்லா டிகிரிக்கும் வேலை வரவில்லை, வந்தவர்களை மட்டும் நாம் நினைவு வைத்திருக்கிறோம்.

பெண் என்றால் கல்யாணக் கணக்கும் சேரும். பி.எட். முடித்த பெண் என்றால் எங்கள் பக்கத்தில் வரன் பேசும்போது ஒரு மதிப்பு. வேலை கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டாலும் பக்கத்து மெட்ரிக் பள்ளிக்குப் போய்வரலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொள்வார்கள். அந்த மெட்ரிக் பள்ளியின் விருப்பமும் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே ஆங்கிலம் படித்தவருக்கு எந்த வகுப்பையும் கொடுப்பார்கள், சம்பளம் என் மாணவிகள் சொன்னபடி மாதம் எட்டாயிரம், பத்தாயிரம். பி.ஏ. ஆங்கிலம் போவதற்கு நீங்கள் ஊரில் பார்க்கும் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்பிள்ளைகள் கதை வேறு. ஓசூர் பக்கத்துக் கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஆள் ஏற்றிப்போகும்போது, ஐந்து வருடம் படித்துவிட்டு நோட்டிபிகேஷனுக்குக் காத்திரு என்று ஒரு பையனிடம் சொல்வது கஷ்டம். என் பி.எட். வகுப்பில் ஆண்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் செலவு குறைவு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது, பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன். பணத்துக்காக ஒரு பிள்ளை பட்டத்தைப் பாதியில் விடுவது நிஜமாகவே குறைந்திருக்கிறது. பணம் இடிப்பது பி.எட்.டில். மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரி ஏழு, அரசு உதவி பெறுவது பதினான்கு, எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டாயிரம் இடங்கள். அரசுக் கல்லூரிகளில் நமக்குக் கிட்டத்தில் இருப்பவை குமாரபாளையமும் வேலூரும். மீதிப்பேர் தனியார் கல்லூரிக்குத்தான் வரவேண்டும். நகையை அடகு வைத்தோ மகளிர் குழுக் கடனிலோ முதல் தவணை கட்டிய ரசீதுகளை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவு வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வெளிமாநிலத்தில் பி.எட். வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அப்படி வாங்கிய சான்றிதழோடு சரிபார்ப்பில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காகப் பட்டத்தில் மட்டும் ஆங்கில வழி எடுத்தால் அது போய்விடும். மறுபக்கம், தனியார் பள்ளி நேர்காணலில் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். இரண்டில் எது உங்கள் பிள்ளைக்கு என்பதை வீட்டு நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், அரசு வேலைதான் குறி என்றால் தமிழ் வழியைக் கைவிடாதீர்கள் என்பேன்.

இதுவரை சொன்னதில் விதிகள் உறுதியானவை. எந்தப் பாடத்தில் எப்போது எத்தனை இடம் வரும் என்பதுதான் சந்தேகமானது. 2014-இல் பட்டதாரி ஆசிரியர்களைப் பெரிய அளவில் எடுத்த பிறகு, அடுத்த பெரிய அறிவிப்பு 2023 அக்டோபரில்தான் வந்தது, 2,222 இடங்களுக்கு. நடுவில் காத்திருந்தவர்களின் தலைமுடி நரைத்துவிட்டது. வயது வரம்பைப் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்த வேண்டி வந்ததற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். இன்று பட்டத்தில் சேரும் பிள்ளை பி.எட். முடித்து வெளியே வர ஐந்து வருடம் ஆகும். அப்போது கணிதத்துக்கு அதிகம் வருமா வரலாற்றுக்கு அதிகம் வருமா என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். போன அறிவிப்பில் எந்தப் பாடத்துக்கு அதிகம் வந்ததோ அதில் அடுத்த ஆண்டு எல்லாரும் போய்ச் சேர்வதையும் பார்த்திருக்கிறேன், அந்தக் கணக்கு சரியாக வந்ததில்லை. ஒன்று மட்டும் நிச்சயம், டெட் போகப்போவதில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதனால்தான் பாட விருப்பத்தை நான் கடைசியில் வைக்காமல் முன்னால் கொண்டுவருவேன். 2024 பிப்ரவரியில் நடந்த பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் தனி, முக்கியத் தாளின் 150 கேள்வியும் சொந்தப் பாடம். பட்டத்தில் என்ன படித்தோமோ அதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும், கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, மெட்ரிக் பள்ளிக்கும் போய்க்கொண்டு. பிடிக்காத பாடத்தை அப்படி ஐந்தாறு வருடம் இழுத்துக்கொண்டு போக முடியாது. என் பழைய மாணவி ஒருவர், ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர், பத்து வருடத்துக்கு மேல் விடாமல் படித்து 2024 தேர்வில் தேர்ச்சி பெற்றார். தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுத்தான் பேசுவார்.

உங்கள் அக்கா மகளுக்கு வருகிறேன். அவள் அறிவியல் குரூப் என்றால் ஒன்பது பாடத்தில் எது அவளுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள், பர்கூரிலும் அரூரிலும் அந்தத் துறை காலை ஷிப்டில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கலைப்பிரிவு என்றால் தமிழ், ஆங்கிலம், வரலாறு மூன்றும் இருக்கின்றன. புவியியல் துறை உள்ள அரசுக் கல்லூரி குறைவு, விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் சம்மதித்தால் அதையும் பாருங்கள். பட்டத்தின் பெயரில் "அப்ளைடு", "இண்டஸ்ட்ரியல்" என்று ஏதாவது ஒட்டியிருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணை என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும், பட்டத்தோடு கல்வியியல் சேர்ந்த படிப்பு மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்திலும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஒரு வருடம் மிச்சம். தூரம்தான் பிரச்சினை. அவள் குரூப், நான்கு பாட மார்க், தமிழ் ஆங்கில மார்க், உங்கள் ஊரிலிருந்து காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.